ஸ்காபரோவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா? வெளி வகுப்புக்கும் பூர்வகுடிப் பாடத்துக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை

பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. "இன்றைக்கும் வெளியில்தான் இருந்தோம், மரத்தை நூலால் அளந்தோம்" என்று வந்து நிற்கும். சப்பாத்தெல்லாம் சேறு. புத்தகப் பையில் புத்தகமே இருக்காது. இதற்காகவா இவ்வளவு செலவழித்து வந்தோம் என்று ஊருக்கு ஃபோன் போட்டுப் புலம்பும் பெற்றோர் ரொறன்ரோவில் நிறைய.

அது படிப்புதான். மரத்தைச் சுற்றி நூல் பிடிப்பது கணக்கு, அதன் பட்டையைத் தாளில் தேய்த்து எடுப்பது ஓவியம், அந்த மரத்தை இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்பது சமூகக் கல்வி. ரிப்போர்ட் கார்டில் இதற்கென்று தனிப் பாடம் இருக்காது. மதிப்பெண்கள் அந்தந்தப் பாடத்துக்குள்ளே போய்விடும். உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நடந்ததை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015-ல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. பாலர் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் பூர்வகுடி மக்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒன்ராறியோ சமூகக் கல்விப் பாடத்திட்டத்தில் 4 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2018-லும், 1 முதல் 3 வரை 2023-லும் இது கட்டாயப் பகுதியாக வந்தது. ஆக, உங்கள் பிள்ளையின் டீச்சர் ஆசைக்காகச் செய்யும் வேலை இல்லை இது.

இந்தப் படிப்பு ஒழுங்காக நடக்க வீட்டிலிருந்து நாம் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. வரிசையாகப் பார்க்கலாம்.

1. சேர்க்கும் நாளில்

பிறப்புச் சான்று, வீட்டு முகவரிக்கான சான்று, தடுப்பூசி அட்டை, குடிவரவுப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். பத்திரம் இன்னும் சரியாகவில்லை என்று பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். குடிவரவு நிலையைக் காரணம் காட்டி 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோக் கல்விச் சட்டமே சொல்கிறது.

படிவத்தில் ஓரிடத்தில் பிள்ளை பூர்வகுடியைச் சேர்ந்தவரா என்ற கேள்வி வரும். முதல் நாட்டினர், மேட்டி, இனுயிட் என்று மூன்று பெட்டிகள் இருக்கும். கனடாவின் 1982 அரசமைப்புச் சட்டம் ஏற்றுக்கொண்ட மூன்று பிரிவினர் இவர்கள். நாம் நம் ஊரின் ஆதிக்குடி என்று நினைத்துக்கொண்டோ, இந்தியர் என்ற குழப்பத்திலோ அங்கே குறி போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் கணக்கை வைத்துத்தான் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உதவித் திட்டங்களைப் போடுகிறார்கள்.

ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டுமே பின்னால் தேவைப்படும். ஆங்கிலம் தடுமாற்றமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பல பள்ளிகளுக்குக் குடியேற்ற உதவிப் பணியாளர் ஒருவர் வந்துபோவார். ஸ்காபரோவில் அவர் தமிழராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

2. காலை அறிவிப்பு

தினமும் காலையில் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போகும். அதோடு இந்த நிலம் யாருடையது என்று ஓர் அறிவிப்பும் வரும். அனிஷினாபே, ஹோடினோஷோனி, வென்டாட் என்று பூர்வகுடி மக்களின் பெயர்களை அடுக்குவார்கள். பிள்ளை இரண்டு வாரத்தில் அதை மனப்பாடமாகச் சொல்லும். நமக்குத்தான் ஒன்றும் புரியாது. கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் பிள்ளை கேட்கும்போது விழிக்க வேண்டியதில்லை.

ரொறன்ரோவின் மையப்பகுதியும் மேற்கும் 1787-ல் பிரிட்டிஷ் அரசு மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கியதாகச் சொல்லப்பட்ட நிலம். அந்தப் பத்திரத்தில் குளறுபடி இருந்ததால் 1805-ல் திரும்ப எழுதினார்கள். அப்போது கொடுத்த விலை 10 ஷில்லிங். இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் ஏக்கருக்கு! இந்த நிலத்துக்காக அவர்கள் எழுப்பிய உரிமைக் கோரிக்கையை 2010-ல்தான் கனடா அரசு 14.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது. நம்மவர் அதிகமாக வாழும் கிழக்குப் பக்கத்துக் கதை வேறு. அங்கே 1923-ல் செய்த வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் வருகின்றன. முதல் நாட்டினரின் ஏழு சமூகங்களுக்கு இருந்த வேட்டை, மீன்பிடி உரிமைகளை அந்த ஒப்பந்தங்கள் பறித்துவிட்டதாக நெடுங்காலம் வழக்கு நடந்தது. 2018-ல் இழப்பீடு கொடுத்து, மன்னிப்பும் கேட்டார்கள்.

புத்தகத்தில் படிப்பதைவிட நேரில் காட்டுவது நல்லது. லோரன்ஸ் வீதியும் பெல்லமி வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவே புல் முளைத்த ஒரு மேடு இருக்கிறது. டேபர் ஹில். 1956-ல் மண் எடுக்கத் தோண்டியபோது, வென்டாட் மக்களின் முன்னோர் ஐந்நூறு பேர் வரை ஒன்றாகப் புதைக்கப்பட்ட இடம் அது என்று தெரியவந்தது. பிறகு சடங்கு செய்து எலும்புகளைத் திரும்ப அடக்கம் செய்தார்கள். எத்தனையோ தடவை பஸ்ஸில் அந்த வழியே போயிருப்போம். அது மயானம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவைத்துக் கூட்டிப்போங்கள். மேட்டில் ஏறிச் சறுக்கி விளையாடுகிற இடமில்லை.

வீட்டில் பெரியவர்கள் "செவ்விந்தியர்" என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். பிள்ளை அதை ஆங்கிலத்தில் வகுப்பில் போய்ச் சொன்னால் சங்கடமாகிவிடும். பூர்வகுடி மக்கள் என்று சொல்லலாம். மக்களினத்தின் பெயர் தெரிந்தால் அதையே சொல்வது இன்னும் நல்லது.

3. உடுப்பு

இதில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். வெளி வகுப்பில் பிள்ளை படிக்குமா, நடுங்கிக்கொண்டு அழுமா என்பதை முடிவு செய்வது உடுப்புதான்.

மழை, பனி, மைனஸ் 10 குளிர் என்று எதுவும் பார்க்காமல் வெளியே கூட்டிப்போவார்கள். மிகக் கடும் குளிரில் மட்டும் உள்ளே வைத்துக்கொள்வார்கள். "குளிர், என் பிள்ளையை வெளியே விடாதீர்கள்" என்று கடிதம் எழுதுவது நம்மவர் வழக்கம். அதை நோய் நேரத்துக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளுக்கு உடுப்பைச் சரிசெய்யுங்கள். உடம்போடு ஒட்டிப் பருத்தி உடுப்பு வேண்டாம். வியர்வையோ பனியோ பட்டு நனைந்தால் காயாது, குளிரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜக்கெட். இலையுதிர் காலத்துக்கும் வசந்தத்துக்கும் ரப்பர் பூட்ஸும், மழையில் நனையாத மேற்காற்சட்டையும். குளிர் காலத்துக்கு ஸ்னோ பேன்ட்ஸ். சின்னப் பிள்ளைக்கு ஐந்து விரல் கையுறை வேண்டாம், விரல்களை ஒன்றாக வைக்கும் மிட்டன் வாங்குங்கள். சூடு நிற்கும், தானே போட்டுக்கொள்ளவும் எளிது. இரண்டு சோடி வாங்குங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். உதிரிக் காலுறை ஒரு சோடி எப்போதும் பையில் கிடக்கட்டும்.

புதிதாக வாங்கினால் கை கடிக்கும். வால்யூ வில்லேஜ் மாதிரிக் கடைகளில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தேடுங்கள். நவம்பரில் போனால் சின்ன அளவுகள் தீர்ந்திருக்கும். பல பள்ளிகளில் பிறர் கொடுத்த குளிர் உடுப்புகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். டீச்சரிடம் மெதுவாகச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தருவார்கள்.

இன்னொன்று, பாலர் வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கும் டீச்சர் உடுத்திவிட முடியாது. பிள்ளை தானாக உடுத்தப் பழக வேண்டும். வரிசை இது: முதலில் ஸ்னோ பேன்ட்ஸ், அப்புறம் பூட்ஸ், ஜக்கெட், தொப்பி, கடைசியில் மிட்டன். மிட்டனை முதலில் போட்டுவிட்டால் சிப்பை இழுக்க முடியாமல் அங்கேயே நின்று அழும். ஜக்கெட்டுக்கு ஒரு வித்தை இருக்கிறது. ஜக்கெட்டைத் திறந்து தரையில் விரித்து, தலைமூடி பிள்ளையின் கால் பக்கம் வருமாறு வைக்க வேண்டும். பிள்ளை குனிந்து இரண்டு கையையும் இரண்டு கைத்துளைக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் போட்டால் ஜக்கெட் தானாக முதுகில் விழும். வீட்டு வரவேற்பறையில் பத்துத் தரம் விளையாட்டாகச் செய்ய வையுங்கள். அப்பம்மாவோ அம்மம்மாவோ "ஐயோ பிள்ளை கஷ்டப்படுது" என்று ஓடிவந்து மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

4. வெளியே கூட்டிப்போகும் நாள்

வாரந்தோறும் பள்ளி வளாகத்திலேயே நடக்கும் வகுப்புக்குத் தனி அனுமதி கேட்க மாட்டார்கள். வருடத் தொடக்கத்தில் அக்கம்பக்க நடைக்கென்று ஒரு பொதுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பஸ் பிடித்துப் போகும் பயணத்துக்கு ஒவ்வொரு முறையும் தனிப் படிவம், பெரும்பாலும் கட்டணமும் இருக்கும். கட்டணத்தைச் செலுத்த முடியாவிட்டால் பிள்ளையை அன்று லீவு போட வைக்காதீர்கள். அதிபரிடம் சொல்லுங்கள், அதற்கென்று வழி வைத்திருப்பார்கள்.

சாப்பாட்டுக்குச் சோறு கொடுத்துவிடலாம். தெர்மோஸில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டுச் சூடான சோற்றைப் போட்டால் மதியம்வரை சூடு இருக்கும். கச்சான், முந்திரி இரண்டும் வேண்டாம். ஒவ்வாமையால் உயிராபத்து வரக்கூடிய பிள்ளைகளுக்காக ஒன்ராறியோவில் 2006 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கே எபிபென் (ஒவ்வாமைக்கான அவசர ஊசி) எழுதிக் கொடுத்திருந்தால், அது பள்ளி அலுவலகத்தில் இருந்தால் போதாது, பயணத்திலும் கூடவே போகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஸ்காபரோப் பள்ளிகளுக்குப் பக்கம். நுழைவுக் கட்டணம் இல்லை, வகுப்புகள் அடிக்கடி போகும். அங்கே உண்ணி உண்டு. கருங்கால் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். வெளிர் நிற நீளக் காற்சட்டை போட்டு அதன் நுனியைக் காலுறைக்குள் சொருகி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் குளிக்க வைத்து, காதின் பின்புறம், மயிர்க்கோடு, அக்குள், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எடுத்ததைச் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். 2023 முதல் உண்ணிக் கடிக்கு மருந்தகத்திலேயே மருந்தாளர் பார்த்து மருந்து எழுதலாம் என்பதால், முதலில் அங்கே கேட்கலாம்.

மூன்று மூன்று இலையாக இருக்கும் செடியைத் தொடக் கூடாது என்றும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். பாய்சன் ஐவி பட்டால் தோல் கொப்பளித்துவிடும். பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வார இறுதியில் அதே பூங்காவுக்குப் போய்க் கீரை, பூ, விதை எதையும் பறிக்கக் கூடாது. சட்டப்படி தடை.

பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மேப்பிள் காலம். இரவில் உறைபனி, பகலில் உருகும் சூடு என்று மாறி மாறி வரும்போதுதான் மரத்தில் சாறு ஓடும். மரத்தில் சின்னத் துளை போட்டு, குழாய் செருகி, வாளி தொங்கவிட்டிருப்பார்கள். வாளிக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். நாக்கில் வைத்தால் இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். ஒரு லிட்டர் பாகு காய்ச்ச அந்தச் சாறு சுமார் 40 லிட்டர் வேண்டும். பனையில் கருப்பணி இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த தாத்தா வீட்டில் இருந்தால், அன்று மாலை பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். எது எப்போது ஊறும், எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், பதம் எப்படிப் பார்ப்பது என்று இரண்டு பேரும் ஒரே தொழிலைப் பேசுவார்கள். மறுநாள் வகுப்பில் சொல்லவும் பிள்ளைக்கு ஏதாவது இருக்கும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பூர்வகுடி மக்கள் இந்தச் சாற்றை இறக்கிக் காய்ச்சினார்கள் என்பதுதான் அந்தப் பயணத்தின் பாடம், பான்கேக் கடைசியில் கிடைக்கும் உபரி. பள்ளி கூட்டிப்போகாவிட்டால் ஸ்டூஃப்வில் பக்கம் புரூஸஸ் மில்லிலோ வான் (Vaughan) நகரிலுள்ள கோர்ட்ரைட் மையத்திலோ அந்தக் காலத்தில் நீங்களே காட்டலாம்.

5. மூத்தோர் வரும் நாளும் புகைச் சடங்கும்

சில நாட்களில் பூர்வகுடி மூத்தோர் ஒருவர் வகுப்புக்கு வருவார். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கதை சொல்வார். கதை நீளமாகப் போகும், கேள்விக்கு நேரான பதில் வராது. ஆமையின் ஓட்டில் 13 பெரிய கட்டம் இருப்பதைக் காட்டி, வருடத்தில் 13 நிலவு என்று நாட்காட்டியையே சொல்லித் தருவார். நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால் குறுக்கே பேசாதீர்கள். மேளத்தையும் கழுகு இறகையும் கேட்காமல் தொடாதீர்கள். ஆட்ட உடையை மாறுவேடம் என்று சொல்லாதீர்கள், ஹலோவீனுக்குப் பிள்ளைக்கு அந்த மாதிரி உடுத்தியும் விடாதீர்கள். ஃபோனைப் பைக்குள் வையுங்கள். சடங்கு நடக்கும்போது படம் எடுப்பது பெரிய அவமரியாதை.

வரும்போது புகைச் சடங்கு செய்வதும் உண்டு. ஒரு சிப்பியில் சேஜ் இலையைக் கொளுத்தி, எழும் புகையைக் கையால் அள்ளி, தலை, கண், நெஞ்சு என்று தடவிக்கொள்வார்கள். புகையிலை, சீடர், சேஜ், இனிப்புப்புல் நான்கும் அவர்களுக்கு மருந்துகள். எல்லாப் பூர்வகுடி மக்களுக்கும் இந்த வழக்கம் இல்லை. இனுயிட் மக்கள் எண்ணெய் விளக்குத்தான் ஏற்றுவார்கள்.

இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் என்று எல்லா வீட்டிலிருந்தும் இதைப் பற்றிக் கேள்வி வரும். என் பிள்ளையை வேறு மதச் சடங்கில் சேர்க்கிறார்களா என்று. வழக்கமாக முன்கூட்டியே வீட்டுக்குக் கடிதம் வரும், புகையைத் தொடுவது பிள்ளையின் விருப்பம். வேண்டாமென்றால் தள்ளி நின்று பார்க்கலாம், ஆஸ்துமா உள்ள பிள்ளை வேறு அறையில் இருக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் அல்பெர்னியில் 2015-ல் நடந்த இப்படியொரு நிகழ்ச்சியை எதிர்த்து ஒரு தாய் வழக்குப் போட்டார். ஒரு பண்பாட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மதத்தைத் திணிப்பதாகாது என்று 2020-ல் அந்த மாகாண நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. தயக்கம் இருந்தால் கடிதம் வந்த அன்றே டீச்சரிடம் பேசுங்கள். நடந்து முடிந்தபின் வாட்ஸ்அப் குழுவில் கொதிப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

6. செப்டம்பர் 30

உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் நாள் இது. அன்று செம்மஞ்சள் சட்டை போட்டு அனுப்பச் சொல்லுவார்கள். ஒன்ராறியோவில் பள்ளி நடக்கும், லீவு என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் எழுத்துப் போட்ட சட்டை தேடி அலைய வேண்டாம், அந்த நிறத்தில் எது இருந்தாலும் சரி.

ஃபிலிஸ் வெப்ஸ்டட் என்ற பெண் 1973-ல் ஆறு வயதில் உறைவிடப் பள்ளிக்குப் போனபோது, பாட்டி வாங்கிக்கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையை முதல் நாளே கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவே இல்லை. அதுதான் இந்த நாளின் மூலம். பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்து நடத்திய இந்தப் பள்ளிகள் வழியாகச் சுமார் ஒன்றரை லட்சம் பூர்வகுடிப் பிள்ளைகள் போனார்கள். கடைசிப் பள்ளிகள் 1990-களின் பிற்பாதியில்தான் மூடப்பட்டன. ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், பிரான்ட்ஃபோர்டில் இப்படியொரு பள்ளிக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதையெல்லாம் முழுதாகச் சொல்ல மாட்டார்கள், சட்டைக் கதையோடு நிறுத்துவார்கள். ஆனாலும் அன்றிரவு "என்னையும் கூட்டிப்போய்விடுவார்களா?" என்று கேட்கலாம். மாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். போரில் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் இருக்கும் குடும்பமென்றால் இந்தப் பாடம் பெரியவர்களையும் சேர்த்துக் கிளறிவிடும். அப்படியானால் செப்டம்பர் தொடக்கத்திலேயே டீச்சருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள், பிள்ளையைக் கவனித்துக்கொள்வார்கள்.

7. பிள்ளைக்குத் தனித் தேவை இருந்தால்

சக்கர நாற்காலி, ஓட்டிசம், காது கேளாமை என்று எதுவானாலும் வெளி வகுப்பிலிருந்து பிள்ளையை நீங்களாக விலக்கிவிடாதீர்கள். வகுப்பறையின் சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளை, ஒரே மரத்தடியில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து உட்காரும் வகுப்பில் அமைதியாக இருப்பதுண்டு. பயணம் அறிவித்தவுடன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பாதை நாற்காலி போகக்கூடியதா, உதவியாளர் கூட வருகிறாரா, கழிப்பறை எங்கே. பிள்ளைக்குத் தனிக்கல்வித் திட்டம் இருந்தால், வெளி வகுப்புக்கு வேண்டியதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த வருடம் புது டீச்சரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். தனித் தேவையை முறைப்படி அடையாளம் காணும் குழுவுக்குப் பிள்ளையை அனுப்பும்படி அதிபருக்கு எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 15 நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும்.

8. நீங்களும் போவது

பயணத்துக்குத் துணைப் பெற்றோர் வேண்டும் என்று கேட்டுக் கடிதம் வரும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் போகலாம். ஆறு பிள்ளைகளை எண்ணிக் கூட்டிவர அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் காவல்துறைச் சான்று கேட்பார்கள். கையில் வரச் சில வாரங்கள் ஆகலாம். செப்டம்பரிலேயே போட்டு வைத்தால் மேப்பிள் பயணத்துக்குச் சரியாக இருக்கும்.

வீட்டுப் பின்வளவில் பாகலும் பயற்றையும் போடுகிறவர் என்றால் பள்ளித் தோட்டத்துக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. ஹோடினோஷோனி மக்கள் மூன்று சகோதரிகள் என்று சொல்லும் பயிரைப் பல பள்ளிகளில் போடுகிறார்கள். மேட்டில் முதலில் சோளம் விதைத்து, அது ஒரு சாண் வளர்ந்ததும் அவரையினத்தை ஊன்றி, அப்புறம் பூசணி. அவரை சோளத்தைப் பிடித்து ஏறும், மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். விதைப்பது மே கடைசியில். சிக்கல் என்னவென்றால், ஜூன் முடிவில் பள்ளி மூடிவிடும், பயிருக்கோ ஜூலை, ஆகஸ்டில்தான் தண்ணீர் வேண்டும். அதனால் ஜூனில் ஒரு தாள் சுற்றுக்கு வரும், வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று பெயர் எழுத. அந்தக் கோடையில் ஊருக்குப் போகாதவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். பெயர் எழுதும்போதே வெளிக் குழாயைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கும் என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அங்கே ஃபோன் எடுக்க ஆள் இருக்காது.